உறைகிணத்து ஏணியில ஏழு சைக்கிள்

ஊரே ஆத்தங்கரையில நின்னு கும்பிடுது. நாங்க ஏழு பேர் மட்டும் நின்னு அழுவுறோம்.

மழை விட்ட காலை நேரம். கரையோரம் கற்பூரம் எரியுது. பொம்பளைங்க மஞ்சளும் குங்குமமும் தண்ணியில தூவுறாங்க. கோயிலுக்குக் கூப்பிட்டாலே முட்டி வலிக்குதுன்னு சொல்ற எங்கப்பா, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு ரெண்டு கையாலயும் தண்ணி அள்ளி அள்ளித் தலையில ஊத்திக்கிறாரு. செம்மண் கலர்ல நுரை தள்ளிக்கிட்டு, இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் பாலாறு ஓடுது. ஈர மண்ணும் அழுகின தழையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. நான் பொறந்து பதினேழு வருசத்துல, அந்த ஆறு ஆறு மாதிரி ஓடி அன்னிக்குத்தான் பாக்குறேன்.

ஆனா நான் தண்ணியைப் பாக்கல. நடு ஆத்துல உறைகிணறு இருந்த எடத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். கிணத்தோட சிமெண்ட் தலை மட்டும் கொஞ்சம் தெரிஞ்சுது. அதுல மாட்டியிருந்த இரும்பு ஏணியைக் காணோம். ஏணியில சங்கிலி போட்டுக் கட்டியிருந்த எங்க ஏழு சைக்கிளையும் காணோம். என் கழுத்துல, கருப்புக் கயித்துல, அந்தச் சங்கிலிப் பூட்டோட சாவி மட்டும் பத்திரமா தொங்கிக்கிட்டிருக்கு.

பக்கத்துல தேன்மொழி நின்னா. அவளும் அழுதா. ஆனா என்னைத் திரும்பிப் பாக்கல.

ஆத்துக்குள்ள சைக்கிள் ஸ்டாண்டா?

போன வாரம் இந்தத் தொடர்ல, எங்கப்பா பல்லு புடுங்கப் போய் டாக்டர் விரலைக் கடிச்ச கதையை எழுதியிருந்தேன். "உங்க வீட்ல எல்லாருமே இப்படித்தானாம்மா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருக்காரு. வீடு மட்டும் இல்லங்க, ஊரே இப்படித்தான். இல்லைன்னா எவனாவது ஆத்துக்கு நடுவுல சைக்கிளை நிறுத்துவானா?

நாங்க நிறுத்துனோம். அதுக்கு ஒரு நியாயமும் வச்சிருந்தோம்.

எங்க ஊரு பாலாத்துக்கு வடகரையில, விரிஞ்சிபுரத்துக்கு மேக்கால இருக்கு. ஸ்கூல் தென்கரையில, ஹைவே பக்கம். பாலம் வழியா சுத்திப் போனா ஒம்போது பத்து கிலோமீட்டர் ஆவும். ஆத்துக்குள்ள எறங்கிப் போனா மூணே கிலோமீட்டர். ஆத்துல பாதி தூரம் புதை மணல். சைக்கிளைத் தள்ளிப் பாருங்க, அப்பத் தெரியும் பேஜாரு. சக்கரம் மணல்ல எறங்கிடும், நம்ம இழுத்தா ஹாண்டில் ஒரு பக்கம் போவும், கேரியர்ல இருக்கற சாப்பாட்டு டப்பா இன்னொரு பக்கம் போவும்.

ஆனா ஆத்து நடுவுல குடி தண்ணிக்காக ஒரு உறைகிணறு உண்டு. அங்கருந்து தென்கரைக்கு பைப் லைன் போட்டப்ப, ஜல்லி கொட்டிக் கெட்டியா ஒரு பாதை போட்டிருந்தாங்க. அதுல சைக்கிள் சும்மா பறக்கும். அதனால சைக்கிள் கிணத்துக்கிட்டயே இருக்கும். காலையில வீட்டுல இருந்து செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு மணல்ல நடந்து போவோம், கிணத்துக்கிட்ட சைக்கிளை எடுப்போம். சாயங்காலம் கிணத்து ஏணியில மறுபடி கட்டிட்டு, நடந்து வீட்டுக்கு வருவோம். எங்களுக்கு முன்னாடி படிச்சவங்களும் அப்படித்தான் செஞ்சாங்க. ஒருத்தர்கூட, "அது ஆறாச்சே"ன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல.

சாவிக்காரி

ஏழும் பதினொண்ணாவதுல கவர்மெண்டு குடுத்த சைக்கிளுங்க. எல்லாம் ஒரே மாதிரி, ஒரே கலர், ஒரே பெல்லு, அந்த பெல்லும் ஒரே வாரத்துல ஊமையாயிடும். எது யாரோடதுன்னு தெரியணுமே? அதுக்கு ஆளுக்கொரு அடையாளம். சரவணன் செயின் கவர்ல வெள்ளை பெயிண்ட்ல பேர் எழுதுனான். தேன்மொழி ஹாண்டில்ல சிவப்பு ரிப்பன் சுத்துனா. நான் முன் சக்கரத்து ஸ்போக்ஸ்ல கலர் கலரா பிளாஸ்டிக் மணி மாட்டியிருந்தேன். சக்கரம் மெதுவா சுத்துறப்ப டக்கு டக்குன்னு விழும். "கோமதி வர்றாடா, கிரிக்கெட் ஆடிக்கினு வர்றா"ன்னு பசங்க கிண்டல் பண்ணுவானுங்க.

தனித்தனியா பூட்டுனா எவனாவது ஒண்ணு ரெண்டைத் தூக்கிட்டுப் போயிடுவான்னு, ஏழு சைக்கிளையும் ஒரே சங்கிலியில கோத்து ஏணியில கட்டிடுவோம். மாடு கட்டற சங்கிலி, நல்லா கனமா இருக்கும். பூட்டும் ஒண்ணுதான், சாவியும் ஒண்ணுதான். அந்தச் சாவி என்கிட்ட.

இப்ப நெனச்சா சிரிப்பா இருக்கு. ஆனா அன்னிக்கு எனக்கு அது கலெக்டர் உத்தியோகம். நான் வந்தாதான் ஆறு பேரும் ஸ்கூலுக்குப் போவ முடியும். வேணும்னே ரெண்டு நிமிசம் லேட்டா கூட நடந்து வந்திருக்கேன். அல்பத்தனம்தான், வேற இன்னா சொல்றது?

தேன்மொழி எனக்கு உயிர் தோஸ்த்து. அவ அப்பா, பஸ் படியில தொங்கிக்கிட்டுப் போறப்ப விழுந்து இடுப்பு ஒடிஞ்சு, வீட்டோட படுத்த படுக்கை. அவங்கம்மா கஸ்தூரி அத்தை, ஷூ கம்பெனிக்கு வீட்டுல இருந்தே அப்பர் தைக்கறவங்க. ஷூவோட மேல் பாகத்தைத்தான் எங்க பக்கம் அப்பர்னு சொல்லுவோம். மூட்டை மூட்டையா வரும். ரெண்டு ஊசி, மெழுகு தடவின நூலு, கட்டைவிரல்ல பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி உறை மாதிரி மாட்டிக்கிட்டு, காலையில இருந்து குனிஞ்ச தலை நிமிராம தைப்பாங்க.

பத்தாவது முடிஞ்சதுமே தேன்மொழியை நிறுத்திடலாம்னுதான் அத்தைக்கு எண்ணம். "பஸ்ல எம் பொண்ணை அனுப்ப மாட்டேன். ஒருத்தர் விழுந்தது போதும்"னு சொல்லிட்டாங்க. அப்புறம் ப்ளஸ் ஒன் சேந்தா சைக்கிள் குடுப்பாங்கன்னு தெரிஞ்சு, "சரி, சைக்கிள் வந்தா போவட்டும்"னு அரை மனசா தலையாட்டுனாங்க. அதனால எங்களுக்கெல்லாம் அது சைக்கிள். அவளுக்கு அதுதான் ஸ்கூல்.

"பாலாத்துல தண்ணியாம்!"

வெள்ளம் வந்ததுக்கு மொத நாள் சாயங்காலம். பன்னெண்டாவது படிச்சுக்கிட்டிருந்தோம். நாலு நாளா மழை. பஞ்சாயத்து ஆட்டோ ஒண்ணு மைக் கட்டிக்கிட்டு, "பாலாற்றில் வெள்ளம் வர வாய்ப்பு இருப்பதால் கரையோர மக்கள் யாரும்..."ன்னு கத்திக்கிட்டே போச்சு.

டீக்கடையில இருந்தவங்க சிரிச்சாங்க. "மேல ஆந்திராக்காரன் வரிசையா தடுப்பணை கட்டித் தண்ணியைத் தடுத்து வச்சிருக்கான். அவன் மனசு வச்சு அனுப்பப் போறான் பாரு"ன்னு ஒரு பெரியவர் சொன்னாரு. எங்கப்பாவும் அதே பாட்டுதான். அவரு சின்னப் பையனா இருந்தப்ப, ஆத்துல வெள்ளம் வருதுன்னு யாரோ சொல்லி, ஊரே பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கிட்டு மேட்டுல போய் உக்காந்துச்சாம். காலையில எறங்கி வந்து பாத்தா, மணல்ல ஒரு நாய் படுத்துத் தூங்கிக்கிட்டிருந்துச்சாம். இந்தக் கதையை அவர் சொல்லாத தீபாவளி இல்ல.

நாங்க ஏழு பேரும் கிணத்துக்கிட்ட வந்து சேர்ந்தோம். தூறல் விழுது. நான் சங்கிலியைக் கோத்துப் பூட்டைப் போட்டேன். அப்பதான் தேன்மொழி வந்து கையை நீட்டுனா.

"கோமதி, சாவியைக் குடு. நான் என் சைக்கிளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"இன்னாத்துக்கு?"

"மைக்ல சொன்னாங்க இல்ல? பயமா இருக்குடி. மணல்ல நானே தள்ளிக்கிறேன்."

அன்னிக்கு மத்தியானம் எனக்கும் அவளுக்கும் ஒரு சண்டை. கெமிஸ்ட்ரி நோட்டை என்கிட்ட குடுக்காம வேறொருத்திக்குக் குடுத்துட்டா. அவ்ளோதான் விஷயம். ஆனா எனக்கு மூக்கு மேல கோவம். ஒருத்தி சைக்கிளுக்காக ஏழு சைக்கிள்ல இருந்தும் சங்கிலியை உருவணும், அதுவும் இவளுக்காக.

"பாலாத்துல தண்ணியாம்! கேட்டீங்களாடா?"ன்னு நான் சத்தமா சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. "உனக்கு மட்டும் தனியா தொறந்து தொறந்து பூட்ட நான் இன்னா வாட்ச்மேனா? போடி."

அவ நீட்டுன கை அப்படியே நின்னுச்சு. அப்புறம் மடக்கிக்கிட்டு, மணல்ல எறங்கி நடந்தா. நான் சாவியைக் கழுத்துல போட்டு, துப்பட்டாக்குள்ள தள்ளிக்கிட்டேன். சொல்லவே வெக்கமா இருக்கு, எனக்கு அப்ப சந்தோஷமா இருந்துச்சு.

விடியக்காலையில ஆறு வந்துடுச்சு.

கட்டைவிரல்ல ட்யூப்

ஆறு வந்ததும் குறுக்கு வழி போச்சு. இனிமே பாலம் வழியா சுத்தித்தான் போவணும். இத்தனை நாளா சைக்கிள் இருந்தா சௌகரியம், இப்பதான் சைக்கிள் இல்லாம முடியவே முடியாதுன்னு ஆச்சு, இப்பன்னு பாத்து சைக்கிளே இல்ல. நாங்க ஆறு பேரும் எட்டு மணி பஸ்ல இடிச்சுக்கிட்டு, தொங்கிக்கிட்டுப் போனோம். தேன்மொழி வரல.

மூணாவது நாள் அவ வீட்டுக்குப் போனேன். கஸ்தூரி அத்தையும் அவளும் எதிரெதிரா உக்காந்து தைச்சுக்கிட்டிருந்தாங்க. நடுவுல அப்பர் குவியல். தோல் வாசனையும் மெழுகு வாசனையும் வீடு பூரா. தேன்மொழி கட்டைவிரல்லயும் கருப்பு ட்யூப் ரப்பர். அது அவ சைக்கிள்ல போன மாசம் மாத்துன பழைய ட்யூப். பஞ்சர் ஒட்டுன வட்டம் அதுல தெரியுது.

"அத்தை, பரிட்சை வருது. இவளை அனுப்புங்க"ன்னேன்.

"சைக்கிள் வந்துச்சு, அனுப்புனேன். சைக்கிள் போச்சு, நிறுத்திட்டேன். இதுல நீ இன்னா நியாயம் பேச வந்துட்ட?" அத்தை தலையைத் தூக்கல. "பதினெட்டு ஆவட்டும், கம்பெனியில சேத்துடுறேன். அதுவரைக்கும் என்கூட தைக்கட்டும்."

சொல்லியிருக்கணும். அப்பவே, அங்கயே, 'அவ சைக்கிள் போனது என்னாலதான்'னு சொல்லியிருக்கணும். நான் சொல்லல. தேன்மொழி ஒரு பார்வை பாத்தா, அப்புறம் ஊசியைக் குத்துனா. அவளும் சொல்லல. பசங்ககூட, "சங்கிலி போட்டது நல்லதுக்குத்தான், யாருக்குத் தெரியும் தண்ணி வரும்னு"ன்னு பேசிக்கிட்டானுங்க. அவ சாவி கேட்டது யாருக்கும் ஞாபகமே இல்ல. எனக்கு மட்டும்தான் சோறு எறங்கல.

அம்மா போன்ல ஒரு ஸ்டேட்டஸ்

பத்துப் பன்னெண்டு நாள் ஆச்சு. தண்ணி கொஞ்சம் வடிஞ்சுது. அப்பவும் பாலாத்தைப் பாக்க கூட்டம் குறையல. எங்கம்மாவுக்கு ஷூ கம்பெனியில வேலை, அவங்ககூட வேலை செய்யற எல்லாரும் ஆத்து முன்னாடி நின்னு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கறாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை அம்மா போனை வாங்கி சும்மா தள்ளிக்கிட்டிருந்தேன்.

ஒரு அக்கா, தலை நெறைய கனகாம்பரம் வச்சுக்கிட்டு, கையை விரிச்சுக்கிட்டு நிக்குது. பின்னாடி சீமைக் கருவேலம் புதர். அந்தப் புதர்ல ஏதோ இரும்புக் குப்பை. பெருசு பண்ணிப் பாத்தேன். ஒரு சக்கரம். பக்கத்துல இன்னொரு சக்கரம். ஒரு ஏணி.

"யம்மா! இது எங்கம்மா எடுத்தது?"ன்னு நான் கத்துன கத்துல அம்மா கையில இருந்த கரண்டி விழுந்துடுச்சு.

எங்க ஊருல இருந்து ரெண்டு கிலோமீட்டர்கூட இல்ல. எங்க பக்கத்துக் கரையிலதான், ஆறு திரும்புற எடம். சரவணனுக்கு போன் போட்டு எல்லாரையும் கூட்டிட்டு அங்க போவச் சொன்னேன். நான் மட்டும் நேரா தேன்மொழி வீட்டுக்கு ஓடுனேன்.

மூச்சு வாங்குது. அத்தை நிமிந்து பாத்தாங்க. சைக்கிள் கெடைச்சுதுன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். ஆனா வந்தது வேற.

"அத்தை, அன்னிக்கு சாயங்காலம் இவ சாவி கேட்டா. சைக்கிளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னு கேட்டா. நான்தான் திமிருல தரல. தந்திருந்தா இவ சைக்கிள் இங்கதான் இருந்திருக்கும்."

அத்தை கையில ஊசி நின்னுடுச்சு. அத்தை என்னைத் திட்டல. பொண்ணுகிட்ட திரும்புனாங்க.

"நீ ஏன்டி இதை என்கிட்ட சொல்லல?"

தேன்மொழி அப்பரைக் கீழ வச்சா. "சொன்னா, இவகூட பேசக் கூடாதுன்னு சொல்லுவ."

எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. அந்த அழுகையிலயே சைக்கிளுங்க கெடைச்ச விஷயத்தையும் சொல்லி முடிச்சேன். அத்தை ஊசியை அப்பர்ல குத்தி வச்சாங்க. அப்புறம், "போய்ப் பாருங்க. இவ சைக்கிள் ஓடுச்சுன்னா ஸ்கூல். ஓடலைன்னா அப்பர். மறுபடி இதைப் பத்தி யாரும் என்கிட்ட வந்து பேசக் கூடாது"ன்னாங்க.

ஊசி

புதர்ல ஏழும் ஒண்ணா கெடந்துச்சு. எந்தச் சங்கிலியால போச்சுன்னு பத்து நாளா என்னை நானே திட்டிக்கிட்டேனோ, அதே சங்கிலிதான் ஒண்ணையும் தனியா ஓட விடாம புடிச்சு வச்சிருந்துச்சு. ஏணியோட, செடி கொடியோட, யாரு வீட்டுப் பிளாஸ்டிக் குடமோ ஒண்ணு அதுல மாட்டிக்கிட்டு.

சாவியைப் போட்டேன். உள்ளயே போவல. பூட்டுக்குள்ள பூரா மணல். சரவணன் கல்லால அடிக்கப் போனான். "நகரு"ன்னா தேன்மொழி. துப்பட்டா ஓரத்துல குத்தியிருந்த தையல் ஊசியை எடுத்தா. முட்டி போட்டு உக்காந்து, பூட்டு ஓட்டையில இருந்து மணலை நோண்டி நோண்டி எடுத்தா. ஊதுவா, நோண்டுவா, மறுபடி ஊதுவா. கால் மணி நேரம் ஆச்சு. அப்புறம் என்னைப் பாத்துத் தலையை ஆட்டுனா. நான் சாவியைத் திருப்புனேன். தொறந்துக்கிச்சு.

அப்பதான் அவ சைக்கிளைப் பாத்தோம். சிவப்பு ரிப்பன் அப்படியே இருக்கு. முன் சக்கரம் மட்டும் பொரிச்ச அப்பளம் மாதிரி வளைஞ்சு கெடக்கு. அவ அதைத் தொட்டுப் பாத்தா. "மூட்டை தைச்சு முடிக்கணும், நான் போறேன்"னு சொல்லிட்டு ஊசியை மறுபடி துப்பட்டாவுல குத்திக்கிட்டுக் கெளம்பிட்டா.

ஏழு சைக்கிளையும் ஒரு டிராக்டர்ல ஏத்தி, ஊர் முனையில இருக்கற சைக்கிள் கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் எங்களுக்கு மாமா முறை. எல்லாத்தையும் சுத்திச் சுத்திப் பாத்தாரு. "அஞ்சு தேறும். இந்த ரிப்பன் வண்டி தேறாது, முன் சக்கரம் போச்சு, புதுசு வாங்கணும்னா நெறைய காசு ஆவும். அந்தக் கடைசி வண்டியும் ஃப்ரேமே ஒடஞ்சு போச்சு, சக்கரமெல்லாம் நசுங்கிடுச்சு. உன்னுது ஓடும்மா கோமதி, ஹாண்டில் மட்டும் நிமித்தணும்."

"மாமா, என் முன் சக்கரம் அவ சைக்கிளுக்குச் சேருமா?"

"எல்லாம் ஒரே அச்சு. சேராம இன்னா? அப்புறம் உன்னுது?"

"நீங்க மாட்டுங்க மாமா."

அவரு என்னை ஒரு தடவை பாத்தாரு. அப்புறம் ஸ்பேனரை எடுத்தாரு. பின்னாடியே நின்ன சரவணன், "நெஜமாவா?"ன்னான். "வாயை மூடிக்கினு அந்தப் பக்கம் புடி"ன்னேன்.

கேரியர்

மறுநாள் காலையில அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு தேன்மொழி வீட்டு வாசல்ல போய் நின்னேன். துடைச்சு, எண்ணெய் விட்டு, ரிப்பனைக்கூட சோப்பு போட்டுத் துவைச்சுக் கட்டியிருந்தேன். பெருசா கெட்டிக்காரின்னு நெனைப்பு.

சைக்கிள் ஓடுதுன்னு ராத்திரியே சொல்லி அனுப்பியிருந்தேன், தேன்மொழி யூனிபார்ம்ல ஓடி வந்தா. அத்தை பின்னாடியே வந்தாங்க. "ஓட்டிக் காட்டு"ன்னாங்க. அவ ஏறி தெருவுல ஒரு சுத்து கெளம்புனா.

டக்கு. டக்கு. டக்கு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆத்துல போனது போக, ஸ்போக்ஸ்ல நாலு மணி மிச்சம் இருந்திருக்கு. கழட்டவே மறந்துட்டேன், தள்ளிட்டு வர்றப்பகூட பழகின காதுக்கு உறைக்கல, புத்தி கெட்டவ. மஞ்சள் ரெண்டு, பச்சை ரெண்டு. அந்தத் தெருவுல அந்தச் சத்தத்தைத் தெரியாத ஆள் கெடையாது. தேன்மொழி பாதி தெருவுலயே பிரேக் புடிச்சு நின்னுட்டா. குனிஞ்சு சக்கரத்தைப் பாத்தா.

அத்தையும் சக்கரத்தைப் பாத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க.

"உன் சைக்கிள் எங்கடி?"

"கடையில இருக்கு அத்தை. ரெடி பண்றாங்க."

"எப்ப ரெடியாவும்?"

அத்தை உள்ள போயிட்டாங்க. சரி, எல்லாம் கெட்டுச்சு, இந்தச் சைக்கிள் வேணாம்னு சொல்லப் போறாங்கன்னு நெனச்சேன்.

பழைய புடவை ஒண்ணை நாலா மடிச்சுக் கையில எடுத்துக்கிட்டு வந்தாங்க. சைக்கிள் கேரியர் மேல அதை வச்சு, அப்பர் தைக்கிற மெழுகு நூலால இழுத்து இழுத்து நாலு பக்கமும் கட்டுனாங்க. பல்லாலயே நூலைக் கடிச்சு அறுத்தாங்க.

"கேரியர் கம்பி குத்தும். ரொம்ப தூரம். உக்காரு."

உக்காந்தேன். தேன்மொழி மிதிச்சா. ஊரைத் தாண்டி, கருவேலங்காட்டைத் தாண்டி, பாலத்து மேட்டுக்கு வந்தோம். வழி பூரா மணி டக்கு டக்குன்னு விழுந்துக்கிட்டே வந்துச்சு. கீழ ஆறு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. மேட்டுல அவளால மிதிக்க முடியல. ஒரு காலைத் தரையில ஊனி நின்னா. திரும்பாமலே ஒரு கையைப் பின்னாடி நீட்டுனா.

"சாவியைக் குடு."

ஏணி புதர்ல கெடக்கு, சங்கிலி கழண்டுடுச்சு, இனிமே அந்தச் சாவிக்கு ஒரு வேலையும் இல்ல. கழுத்துல இருந்து கயித்தைக் கழட்டி அவ கையில வச்சேன். அவ அதைத் தன் கழுத்துல போட்டுக்கிட்டு, "எறங்கித் தள்ளுடி, கனமா இருக்க"ன்னா. நான் எறங்கித் தள்ளுனேன்.